மருதாணி வைக்காத விரல்

இறால் ஷெட்டின் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. அதுதான் தொடக்கம். கொரோனாவில் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்து, பிழைத்து, மறுபடி வேலைக்குப் போன நாள். நோயில் வாங்கியதா, பயத்தில் வாங்கியதா, தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

நான் அஞ்சாவது வரை படித்தவள். புதுச்சேரி பக்கம் அரியாங்குப்பத்திலிருந்து கம்பெனிக்குப் போய் இறால் உரிக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. என்னைப்போல் வேலைக்குத் திரும்பித் தடுமாறுகிறவர்கள் படிக்கட்டும் என்று மகள் செல்விதான் எழுதச் சொன்னாள்.

முன்பெல்லாம் கம்பெனியில் எங்கள் உடம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கொரோனாவுக்குப் பிறகு உட்கார ஸ்டூல் வந்தது. குடிக்கச் சுடுதண்ணீர் வந்தது. ஆறுதல் பேச கம்பெனி அனுப்பிய ஒரு பொண்ணு வந்து, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டது. என்ன சொல்வதென்று விளங்காமல், "சாப்ட்டேம்மா" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சாப்பிட்டு வந்ததும் விரலில் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்ன மிஷின்) மாட்டிப் பார்ப்பார்கள். தொண்ணூற்றஞ்சுக்குக் குறையக் கூடாது. ஒருநாள் எனக்கு எண்பத்தெட்டு காட்டியது. சூப்பர்வைசர் பொண்ணின் முகம் மாறிப்போனது.

"ஆயா, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா." சொன்னதும் வாங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போ ஆயா. டாக்டர் சரின்னு சொன்னாத்தான் உள்ள வுடுவாங்க. உன் நல்லதுக்குத்தான்."

பக்கத்தில் உரிக்கும் அஞ்சலை விடவில்லை. "ஏங்க்கா, இப்பத்தான ஐஸ் கூடைய தூக்கினு வந்த? அப்ப எங்க போச்சு இந்த மூச்சு?"

ஆட்டோவில் நிஜமாகவே நெஞ்சு அடைத்தது. மறுபடி அந்த வார்டா? இல்லை, வேலையே போய்விட்டதா? எதற்கு முதலில் அழுவது என்று புரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி வந்து சேர்ந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா விரலில் மிஷினை மாட்டினார். அப்போதும் குறைவுதான். என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் இவ்ளோ கருப்பா இருக்கு?"

"மருதாணிம்மா. எறா உரிக்கிறேன். இது இல்லன்னா வெரலு ஐஸ்ல வெந்துரும்."

எங்கள் ஷெட்டில் எல்லோரும் விரல் நுனியில் மருதாணியை மேலே மேலே வைப்போம். இறால் முள்ளும் ஐஸ் தண்ணீரும் தோலை உரிக்காமல் இருக்க அதுதான் வழி.

"கால நீட்டுங்க" என்றார். டாக்டர் முன்னால் காலை நீட்டக் கூசியது. கால் விரலில் மாட்டினார். தொண்ணூற்றேழு.

"நுரையீரல்ல பழைய தழும்பு (நிமோனியா ஆறிய இடம்) கொஞ்சம் இருக்கு. படி ஏறினா வாங்கும். மத்தபடி வேலைக்குப் போகலாம். வெறச்சுப்போன வெரலு, அதுமேல மருதாணி. அதான் மிஷினு தப்பா காட்டியிருக்கு."

"அப்ப ஆட்டோல மூச்சு முட்டுச்சேம்மா?"

"அது பயமா இருக்கலாம்."

இருக்கலாம் என்றால்? காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் எண் குறைந்தால் கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் பாருங்கள். அப்படியும் குறைந்தால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது காலையில், ஐஸைத் தொடும் முன்பே பார்க்கிறார்கள். எல்லோரும் ஒரு விரலை மருதாணி இல்லாமல் விட வேண்டும். இடது மோதிர விரலை விட்டோம். சில நாளில் அந்த விரல் எல்லோருக்கும் வெடித்துவிட்டது.

"நாம நல்லா இருக்கோமான்னு பாக்குறதுக்கு ஒரு வெரலு கெட்டுப்போச்சுக்கா" என்று அஞ்சலை அந்த விரலை ஊதிக்கொள்கிறாள். சூப்பர்வைசர் பொண்ணு அதற்கும் களிம்பு வாங்கி வைத்திருக்கிறது. நல்ல பொண்ணுதான்.

மற்ற ஒன்பது விரலும் இருப்பதே எனக்குத் தெரிவதில்லை. இது மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. காலையில் இதை நீட்டும்போது என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மிஷின் யோசிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் நாள் முழுக்க உரிப்பதைவிட நீளமாக இருக்கிறது. எண் வந்த பிறகுதான் மூச்சை விடுகிறேன்.