ஓடட்டும் என்று ஜெபித்தேன்

போன ஐப்பசியில் என் மகள் எங்கள் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் அறைக்கு வெளியே நானும் என் மனைவியும் முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தோம்.

சபையில் எழுந்து சொல்லச் சொன்னார் பாஸ்டர். எனக்குப் பேச்சு வராது. எட்டாவதோடு நின்றவன். எழுதியாவது கொடுங்கள் என்றார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு வீடு தலத்தெரு. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறேன். நிலக்கரி லோடு. மனைவி பெயர் ராணி. ஒரே மகள் பெனிட்டா. அவள் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலில் டீச்சர். நான்காம் வகுப்பு அவள் கையில் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் வைத்தார்கள். வகுப்பை நடத்தும் டீச்சருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மேல்படிப்பு வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு போய்விடும். இன்னொரு டீச்சருக்குக் கீழே உதவிக்கு நிற்க வேண்டும். வேலையை விடாமலே படிக்கலாம். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பெனிட்டா சேர்ந்தாள். பள்ளி வேனில் வந்து இறங்கி முகம் கழுவினால் நேரே லாப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கூடப் படித்தவர்களும் அவளைப் போல இன்டர்நேஷனல் ஸ்கூல் டீச்சர்கள்தான். தோஹாவில் ஒரு அம்மா, பாங்காக்கில் ஒரு பெண், கென்யாவில் ஒரு சார். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் முதற்கொண்டு எங்கள் வீட்டில் தெரியும்.

எல்லாம் முடித்துவிட்டாள். கடைசிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா வழியாக எங்கோ ஓர் ஊரில் இருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது. மனுஷக் குரல் கேட்கக் கூடாது. எழுதுகிறவர் எழுந்து போகவும் கூடாது. முதல் தடவை எழுதியபோது நான் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன். கையில் டீ.

“இந்தாம்மா, ஆறிடும்” என்றேன்.

அவ்வளவுதான். பரீட்சை ரத்து.

பெனிட்டா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுதாள். ராணிதான் பிடித்துக்கொண்டாள்.

“டீ குடிக்கலன்னா செத்தா போயிடுவா? வாய வச்சுக்கிட்டு செத்த நேரம் சும்மா இருக்க முடியல உங்களுக்கு.”

“தெரியாம போச்சு.”

“கதவு மூடியிருக்குன்னா தெரியாதா? லாரி கதவுன்னு நெனைச்சீங்களா, ஒதைச்சுத் தொறக்க?”

இனி அந்தக் கதவைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இரண்டாவது வாய்ப்பு ஐப்பசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கிடைத்தது. இதுவும் போனால் இந்த வருஷத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பும் போய்விடும்.

வியாழக்கிழமை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். லோடு நிறுத்திவிட்டார்கள். வரும் வழியில் வானத்தைப் பார்த்தேன். கடல் பக்கம் கரி கொட்டினது மாதிரி இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டு பூட்டிக் கிடந்தது. அங்கே போய் எழுதவும் வழி இல்லை. தேதி மாற்றித் தரச் சொல்லிப் பெனிட்டா பல்கலைக்கழகத்தைக் கேட்டாள். பதில் வரவில்லை. லாப்டாப் பேட்டரி பழசு, கொஞ்ச நேரம்தான் நிற்கும். நெட் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும்.

கோவில்பத்தில் செல்வம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். என்னைவிடச் சின்னவன், நல்ல பழக்கம். கயிறு இழுத்து ஓட்டுகிற சின்ன ஜெனரேட்டர் ஒன்று அவனிடம் உண்டு. அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நனைந்துகொண்டே வந்தான்.

“என்னண்ணே, கல்யாணத்துக்கு எடுப்பாங்க, காதுகுத்துக்கு எடுப்பாங்க. பரீச்சைக்கு ஜெனரேட்டர் எடுத்த மொத ஆளு நீங்கதான்.”

“எறக்கு.”

“பாப்பா பாஸாச்சுன்னா எனக்கு ஒரு பிரியாணி. சாதா இல்ல, மட்டன்.”

“எறக்குடா மொதல்ல.”

வாசலில் வைக்கலாம் என்றான். மழை கிழக்கே இருந்து சாய்த்து அடித்தது. வாசலில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் ஊறிவிடும். அடுப்படிக்கும் பெனிட்டா அறைக்கும் நடுவே ஒரு நடை உண்டு. அங்கே வைத்து, வயரை அவள் அறைக் கதவின் அடி இடுக்கு வழியே உள்ளே விட்டோம். பின்கதவைத் திறந்து விடச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். திறந்துதான் வைத்தேன். சாரல் அடித்து தண்ணீர் ஜெனரேட்டர் காலடி வரை வந்தது. ஷாக் அடிக்குமோ என்று பயந்து கதவைச் சாத்திவிட்டேன். அவள் அறை ஜன்னலை மழைக்காக அவளே மூடியிருந்தாள். இடுக்கில் தண்ணீர் ஒழுகாமல் சாக்கு அடைத்தவன் நான்.

மூடிய ஷெட்டில் வண்டி ஓடக் கூடாது. என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கின டிரைவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்றைக்கு என் புத்தியில் இரண்டுதான் இருந்தது. கரண்ட் போகக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது.

நானும் ராணியும் காலையிலிருந்து உபவாசம். பெனிட்டா வெறும் டீ குடித்துவிட்டு உள்ளே போனாள். போகும் முன் என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, டீ கொண்டு வந்துடாதீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் முன்அறையில் பாய் போட்டு முழங்காலில் நின்றோம். நடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராணிக்குப் புகை வாடை தெரிந்திருக்கிறது.

“என்னங்க, ஒரு மாதிரி நாறுது.”

“அது ஓடுனா நாறத்தான் செய்யும். நீ ஜெபம் பண்ணு.”

வருஷக்கணக்காகக் கரித்தூளிலும் டீசலிலும் கிடந்தவன் நான். என் மூக்குக்கு எதுவும் நாறாது.

எங்கள் வீட்டுப் பூனை எப்போதும் நடையில்தான் படுக்கும். மழை என்றால் அந்த இடத்தை விட்டு நகராது. அது எழுந்து வந்தது. முன்கதவைப் பிறாண்டியது. கொஞ்சம் திறந்தேன். அந்தக் கொட்டுகிற மழையில் இறங்கி ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி முழங்கால் போட்டேன்.

தலை வலித்தது. உபவாசம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ராணிக்குக் குமட்டியது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஜெபத்தில் பாரம் இறங்கினால் அவளுக்கு அப்படி வரும். அன்றைக்கும் அதுதான் என்று இரண்டு பேரும் நம்பினோம். சபையார் இதைக் கவனித்து வாசியுங்கள். பட்டினி கிடக்கும்போது எந்த வேதனை எதிலிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் ஒரு முறை கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. யோசித்து எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

ஜெனரேட்டர் விக்கியது. எனக்கு உயிர் போயிற்று. எழுந்து போய் அதன் மேல் கை வைத்தேன். ஆண்டவரே, இது ஓடட்டும், பிள்ளை எழுதி முடிக்கும் வரை ஓடட்டும் என்றேன். சத்தம் சீரானது. ஸ்தோத்திரம் சொன்னேன். எதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கொஞ்ச நேரம் போனது. மறுபடி விக்கியது. கையை எடுக்காமல் நின்றேன். அந்த இரைச்சலில் உள்ளே கேட்காது என்று சத்தமாகவே கேட்டேன். ஓடட்டும், ஓடட்டும்.

நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். தோள் இற்றுப்போகும் வரை இழுத்தேன். பெட்ரோல் இருந்தது. எல்லாம் இருந்தது. பிடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இங்கே எழுதக் கூசுகிறது. பிள்ளையின் இத்தனை நாள் படிப்பைக் கொண்டுபோய் இந்த இடத்திலா நிறுத்துவீர் என்று கேட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. கரண்ட் நின்றிருக்கிறது. நெட் நின்றிருக்கிறது. பெனிட்டா கத்தவில்லை. லைட் ஒரு தரம் மினுக்கினாலே “அப்பா” என்று கத்துகிற பிள்ளை.

வீடு அமைதியாக இருந்தது. மழைச் சத்தம் மட்டும்தான்.

நான் கதவருகே போனேன். ராணி என் கையைப் பிடித்தாள்.

“வேணாங்க. போன தடவ மாதிரி ஆயிடப் போவுது.”

“அவ கத்தல ராணி.”

“எழுதிக்கிட்டு இருப்பா...”

“எதுல?”

அவள் கையை விட்டாள். நான் திறந்தேன்.

பெனிட்டா மேஜை மேல் தலை சாய்ந்து கிடந்தாள். லாப்டாப் வெளிச்சம் அவள் முடியில் விழுந்தது. ஒரு கை கீழே தொங்கியது. நான் கூப்பிட்டேன். அசையவில்லை. தூக்கினேன். ஈரத்துணி மாதிரி வந்தாள். வாசலைத் தாண்டி மழையில் கொண்டுபோய்ப் போட்டேன். என் கால் பின்னியது. அப்போதுதான் எனக்கும் நிற்க முடியவில்லை என்று தெரிந்தது. ராணி வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வாந்தி எடுத்துக்கொண்டே செல்வத்துக்குப் போன் போட்டாள்.

அவன் குட்டியானையைக் கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். ஒரு கேலி பேசவில்லை. வழியில் மரம் விழுந்து கிடந்தது. வேறு தெருவில் சுற்றினான். தண்ணீரில் வண்டி மிதக்கிற மாதிரி போயிற்று. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அவள் தலை என் மடியில். மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்தால் காற்று எது, அவள் மூச்சு எது என்று தெரியவில்லை. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

“ஜெனரேட்டர் வீட்டுக்குள்ளயா வச்சீங்க?”

“ஆமாங்க.”

“கதவெல்லாம் மூடி?”

“ஆமாங்க.”

“எப்ப நிறுத்துனீங்க?”

“நான் நிறுத்தலீங்க. அதுவா நின்னுச்சு.”

அவர் திரும்பி ஆக்சிஜன் குழாயைச் சரிபார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா நீங்க மூணு பேருமே இங்க வந்திருக்க மாட்டீங்க” என்றார்.

ஓடட்டும் என்று கை வைத்துக் கேட்டவன் நான். கேட்டபடி கொடுத்திருந்தால் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் மூன்று பெட்டி.

மறுநாள் பெனிட்டா கண் விழித்தாள். முதலில் பரீட்சையைத்தான் கேட்டாள். பிறகு சொன்னாள். தலை சுற்றியிருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். கால் வரவில்லை.

“கூப்பிட வேண்டியதுதானம்மா.”

“கூப்பிட்டா குரல் கேக்கும்ப்பா. ரத்தாயிடும்.”

ராணி முகத்தை மூடிக்கொண்டாள்.

கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். அது திரையில் எழுத்தாக வந்திருக்கிறது. வாசிக்க அவள் விழித்திருக்கவில்லை. ஆனால் அவர் அங்கே எழுதி வைத்ததாலும், ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பியதாலும், அந்தப் பரீட்சையைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொரு முறை எழுத விட்டிருக்கிறார்கள். வகுப்பு மட்டும் போய்விட்டது. இந்த வருஷம் இன்னொரு டீச்சருக்கு உதவியாக நிற்கிறாள். போகட்டும்.

மழை விட்டதும் செல்வம் ஜெனரேட்டரை எடுக்க வந்தான். பின்கதவைத் திறந்தான். கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மூடுன எடத்துல காத்து பத்தாம நின்னிருக்கும்ணே. மிஷினுக்கும் காத்து வேணும்ல.”

“இருக்கும்டா.”

“ஒங்க சாமிதான் நிறுத்துனாருன்னு சொல்லுவீங்க.”

“ஆமா. சொல்லத்தான் போறேன்.”

அவன் சிரிக்கவில்லை. எங்கள் சாமியை அவன் கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் போகும்போது நடையின் முன்னால் நின்று செருப்பைக் கழற்றினான்.

காற்று பத்தாமல்தான் நின்றது என்றால் அப்படியே இருக்கட்டும். எனக்கு அதில் வழக்கு இல்லை. அந்தக் காற்று என் பிள்ளைக்கு முன்னால் மிஷினுக்குத் தீர்ந்துபோனதே, அது போதும். நான் கத்திக் கேட்டும் கொடுக்காமல் இருந்தாரே, அந்தக் கொடுக்காததற்குத்தான் இந்தச் சாட்சி.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆண்டவருக்கு லோடு கணக்கு சொல்கிற மாதிரி இதைச் செய்யும், அதைச் செய்யும் என்பேன். இப்போது அவ்வளவு பேசுவதில்லை. உபவாசம் இன்றும் இருக்கிறேன். தலை வலித்தால் எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன். நீங்களும் திறவுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்காதீர்கள், எவ்வளவு மழை பெய்தாலும் சரி. இதைச் சொல்வதும் என் சாட்சியில் சேர்ந்ததுதான்.

உங்களில் பல பேர் ஏதோ ஒன்று நின்றுபோன வருத்தத்தில் இருப்பீர்கள். வேலை நின்றிருக்கும். வரன் நின்றிருக்கும். நானும் இழுத்துப் பார்த்தவன்தான். அவர் நிறுத்தினால் நம்புங்கள். கயிற்றை விட்டுவிட்டு முதலில் உள்ளே போய் உங்கள் பிள்ளையைப் பாருங்கள்.

பெனிட்டா வருகிற மாதம் மறுபடி எழுதுகிறாள். இதை ஜெபக்குறிப்பாகத் தருகிறேன். பாஸாக வேண்டும் என்றே கேளுங்கள், தப்பில்லை. நானும் அப்படித்தான் கேட்கிறேன். கேட்டு முடித்த பிறகு, நிறுத்த வேண்டியது ஏதாவது இருந்தால் நிறுத்திவிடும் ஆண்டவரே என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.