வேளாங்கண்ணிக்குப் போகாத ஞானம் அக்கா

பீஜியின் லவுத்தோக்கா நிலையத்தில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் காதர் படியில் தொற்றியபடியே சொன்னான்: "அண்ணே, லோவு ஞானம் அக்கா தவறிட்டாங்க. நேத்து சாஞ்சா." மாலை வேளை என்பது எங்கள் வாயில் இந்திக்காரர்களின் சாஞ்சாவாகி வெகுநாள் ஆயிற்று. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றேன்.

லோவுக்காரர்களுக்கும் நம் சங்கத்தாருக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆலையில் கரும்பு அரைபடும் செப்டம்பரில், வெட்டுக்கு ஆள் போதாமல் எல்லோரும் அல்லாடும்போது, வீட்டுக்காரரின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் யாத்திரைக்கு ஒரு பஸ் நிறைய ஆள் சேர்த்துவிடுவார். மாதா திருநாளுக்கு ரக்கிரக்கிக்கு அப்பால் இருக்கும் குன்றுக் கோயிலுக்குப் பயணம். ஓட்டுவது நான். நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் வேறு டிரைவர் வந்தால் அக்கா ஏற மாட்டார்.

வழி நெடுக வேளாங்கண்ணிக் கதைதான். பால் கொண்டுபோன பையனிடம் கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் பால் கேட்டாள், கொடுத்தான், வீடு போய்ப் பார்த்தால் பானை பொங்கி வழிந்தது. அக்கா சொல்லும்போது அந்தப் பையன் கரும்புத் தோட்டத்து வழியாக வருவான், கையில் தகர டின் வைத்திருப்பான். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மாதா கேட்டது பாலா, யாங்கோனாவா?" என்று, பீஜியர்கள் கரைத்துக் குடிக்கும் வேர்ப்பானத்தைச் சொல்லி ஒருமுறை சீண்டினேன். "பால் இருக்கிறவன் பால் குடுப்பான், யாங்கோனா இருக்கிறவன் யாங்கோனாவைக் கரைச்சுக் குடுப்பான். நீ என்னத்தக் குடுப்ப கந்தசாமி, டிக்கட்டா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பாரம் இருந்தது. அக்காவை வயிற்றில் சுமந்துகொண்டு அவர் தாய் மதராஸிலிருந்து கரும்புக் கூலியாகக் கப்பலேறியவர். நடுக்கடலில் புயல். 'தாயே, கரை சேர்த்தால் இந்தப் பிள்ளையை உன் காலடியில் கிடத்துகிறேன்' என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். கரை சேர்ந்தார்கள், ஆனால் அது பீஜிக் கரை. அந்தத் தாய் திரும்பிப் போகவே இல்லை. வேண்டுதலை மகள் தலையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "நான் இன்னும் குடுக்காத பொருள் தம்பி" என்று அக்கா தம்மைப் பற்றியே சொல்வார்.

குன்றுக் கோயிலுக்கு நாங்கள் முதன்முதலில் போன வருஷத்தை மறக்க முடியாது. "மாதாவே! மாதாவே!" என்று கூவிக்கொண்டு நம் ஜனங்கள் மேடேறினார்கள். கோயிலைப் பார்த்துக்கொண்ட பீஜியப் பெண்மணி மெரே பதறி ஓடிவந்தார். அவர்கள் பாஷையில் மாதா என்றால் கண். இத்தனை பேருக்கும் கண்வலி என்று நினைத்து, ஊற்றுத் தண்ணீரை மொண்டு ஒவ்வொருவர் கண்ணிலும் விட்டார். நம்மவர்கள் அதைத் தீர்த்தமென்று பக்தியோடு வாங்கிக்கொண்டார்கள். உண்மை தெரிந்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மறு வருஷமும் கண்ணைக் காட்டிக்கொண்டு முதல் ஆளாய் நின்றார். இன்று அந்தக் குன்றுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கண் கழுவுகிறார்கள்.

மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் அக்காவை இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்தான். புதுச் சேலைகூட எடுத்தாயிற்று. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, இந்த இதயத்தோடு கடல் பயணம் கூடவே கூடாது என்றுவிட்டார். அந்தச் செப்டம்பரில் அக்கா வழியில் கதை சொல்லவில்லை. கோயிலுக்குள் போனவர், புதுச் சேலையோடு மாதா சொரூபத்தின் முன்னால் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். நரைத்த தலை, இரண்டு கையும் குழந்தை மாதிரி விரிந்து கிடந்தன. நெஞ்சைப் பிடித்துவிட்டதோ என்று நான் செருப்போடு உள்ளே ஓடினேன்.

"பயப்படாத. அம்மா கிடத்துறேன்னு சொன்னதைத்தான் செய்யிறேன்" என்றார். "இது வேளாங்கண்ணி இல்லையே அக்கா" என்றேன், புத்திசாலி மாதிரி. "நாம ஒண்ணு சொன்னோம், மெரே ஒண்ணு புரிஞ்சுக்கிட்டா. தண்ணி வந்து சேந்துச்சுல்ல? அம்மா சொன்னதும் அப்படிப் போய்ச் சேரும்." மெரே ஒரு பாயைக் கொண்டுவந்து அவர் தலைக்கடியில் மடித்து வைத்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது என் பின்சீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "வேண்டுதல் தீந்துபோச்சு கந்தசாமி. ஆசைதான் தீரல."

அக்காவின் ஜெபமாலை மகளிடம் இருக்கிறது. சேலை அவரோடு போய்விட்டது. எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஆசைதான். நான் லோவுக்குப் பக்கத்தில் பிறந்தவன், முருகன் அடிமை, வேளாங்கண்ணியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனாலும் அந்தக் கடற்கரையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.