ஜீவனாம்ச வழக்கில் அம்மன் சொன்ன சாட்சி

"குழந்தைக்குச் சிறப்புச் செலவு எதுவும் இல்லை."

போன ஆவணியில் பாலக்காடு குடும்பக் கோடதியில், அதாவது குடும்ப நீதிமன்றத்தில், என் முன்னாள் கணவர் சத்தியம் செய்து கொடுத்த பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருந்தது. வக்கீல் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்கள் மகள் மித்ராவுக்கு இரண்டு காதும் கேட்காது. பெற்ற அப்பாவுக்கு அது தெரியாதா?

வெள்ளிக்கிழமை பூஜையில் என்னோடு உட்காரும் சகோதரிகளே, உங்களில் பலருக்கு என் கதை பாதிதான் தெரியும். மீதியையும் சொல்லச் சொன்னீர்கள். மறைக்காமல் சொல்கிறேன்.

நான் பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்துப் பெண். அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்த என்னை மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது அவரிடம் ஒரே ஜீப். வெளியூர்க்காரர்கள் போனிலேயே புக் செய்ய ஏற்பாடு செய்தது நான். வருகிற அழைப்புகளை எடுத்தது நான். எந்த எஸ்டேட் ரோட்டுக்கு எந்த வண்டி என்று பிரித்து அனுப்பியதும் நான்தான். ஒரு ஜீப் மூன்று ஆனது. சம்பளம் கேட்கவில்லை. நம் வீட்டு வேலைதானே என்று இருந்துவிட்டேன்.

மித்ராவுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் குற்றவாளி. விவாகரத்தில் முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஜீவனாம்சம் எவ்வளவு என்பது மட்டும் முடிவாகாமல் நின்றது. குழந்தைக்குக் காதில் மெஷின் வைத்துப் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் அவசரம் அதுதான்.

எதையும் வரிசையாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். எழுதினேன். காது மெஷின். அதன் பேட்டரி. பேச்சுப் பயிற்சி. பாலக்காடு போய்வர பஸ். கடைசியாக, குழந்தையோடு நான் பயிற்சிக்குப் போவதால் வேலைக்குப் போக முடியாத நேரம். சமாதானம் பேச வந்த உறவுக்காரர் ஒருவர் அந்தக் கடைசி வரியைப் பார்த்துச் சிரித்தார்.

"படிச்ச புள்ளைதானம்மா நீ? இதெயெல்லாமா எழுதுவாங்க? உங்கப்பன் ஊட்டுல மாடு நிக்குது, பாலுக்கு என்ன பஞ்சம்?"

"மாடு எங்கப்பாவுதுங்க. புள்ளை அவருதுமில்லீங்களா?" என்றேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

என் முன்னாள் கணவர் தரப்பு வாதம் இதுதான்: "எனக்குச் சொந்தமாக ஜீப் கிடையாது. அண்ணனிடம் கூலிக்கு ஓட்டுகிறேன்." நான் வழக்குப் போடுவதற்கு முன்பே மூன்று வண்டிகளையும் அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டார். புக்கிங் எடுத்த போனும் அவர் கையில். என் வக்கீல் நல்லவர். ஆனால் உள்ளதைச் சொன்னார்: "அவர் வருமானம் தெரிந்தால்தான் ஜீவனாம்சத்தைக் கணக்கிட முடியும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோடதிக்கு யார் சொல்வது?"

அப்பாவும் சோர்ந்துபோனார். "குடுக்கறதெ வாங்கீட்டு உட்டுரலாம் கண்ணு. நமக்கெதுக்கு வம்பு?"

"நான் பிச்சை கேக்கலீங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து கோயிலுக்குப் போனேன்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை அது. தீபாராதனை முடிந்து எல்லோரும் போனபின் மாரியம்மன் முன்னால் தனியாக நின்றேன். கும்பிடக் கை எழவில்லை. சண்டைதான் போட்டேன். "இங்கேயும் நீதான் இருக்கிறாய். மூணாறு மலையிலும் நீதான் இருக்கிறாய். அங்கே நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதானே? எனக்கு யாரும் சாட்சி இல்லை. நீயே வந்து சொல்லு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. திருநீறுகூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

பங்குனியில் மூணாறு எஸ்டேட் மாரியம்மனுக்குத் திருவிழா. அந்தச் சரிவுகளில் தேர் போகாது. அதனால் அம்மனை ஜீப்பில் வைத்து ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கும், கொண்டுபோவார்கள். வண்டி கொடுத்த ஓனருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. ஓட்டுகிறவருக்குத் திருநீறு மட்டும். அங்கே வாழ்ந்த காலத்தில் வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன். ஒருமுறையாவது அந்தப் பரிவட்டம் தன் தலையில் ஏற வேண்டும் என்று என் கணவர் ஏங்கியதும் எனக்குத் தெரியும்.

திருவிழாவுக்கு மறுநாள் செல்வி அக்காவிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. அக்கா அங்கே எங்கள் பக்கத்து வீடு, தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கூடவே குரல் செய்தி: "ஏ மித்ரா அம்மா, ஒங்க கூலிக்காரரு நிக்கிற அழகைப் பாரேன். கல்யாணத்தன்னிக்குக்கூட இம்புட்டு நெஞ்சை நிமித்தலையே!"

வீடியோவில் பூசாரி கேட்கிறார்: "வண்டி ஓனர் யாருப்பா? முன்னால வாங்க." அண்ணன் ஓர் அடி எடுத்து வைக்கிறார். இவர் அவரைக் கையால் விலக்கிவிட்டு முன்னே வருகிறார். "நாந்தான் சாமி. இது மட்டுமில்ல, மூணு வண்டியும் நம்மளுதுதான். ஆத்தாவுக்கு எது வேணுமோ எடுத்துக்கிடுங்க." பெண்கள் குலவை போடுகிறார்கள். பரிவட்டம் ஏறுகிறது. ஓட்டுநர் இருக்கையில் வேறொருவர்.

நான் அம்மன் படத்தின் முன் உட்கார்ந்துவிட்டேன். சாட்சி சொல்ல நீயே வா என்று கேட்டேன். தன் ஊர்வலத்தோடேயே வந்திருந்தாள்.

"நான் எடுத்த படம், நானே வந்து சொல்லுதேன்" என்று செல்வி அக்கா ஒருநாள் கூலியை விட்டுப் பாலக்காட்டுக்கு வந்தார். வைகாசியில் விசாரணை. வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். என் முன்னாள் கணவரின் வக்கீல், "பக்தியில் ஏதோ பேசியது" என்றார். நீதிபதி வக்கீலை விட்டுவிட்டு என் முன்னாள் கணவரையே பார்த்து மலையாளத்தில் கேட்டார்: இந்தக் கோடதியில் சத்தியம் செய்து ஒன்று சொன்னீர்கள். அம்மன் முன்னால் இன்னொன்று சொன்னீர்கள். எது பொய்?

பின் பெஞ்சில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். இவர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆத்தா முன்னால நான் பொய் சொல்லல."

பெற்ற குழந்தையின் காதைப் பற்றிப் பொய் எழுதக் கூசாத மனிதர், அம்மன் பெயரில் மட்டும் கூசினார். அந்தக் கூச்சம் கொஞ்சமாவது எங்கள்மேல் இருந்திருந்தால் நான் கோடதிப் படியே ஏறியிருக்க மாட்டேனே! இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆடியில் உத்தரவு வந்தது. மூன்று ஜீப்புகளின் வருமானத்தையும், சீசனையும் மழைக்காலத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்திருந்தார்கள். என் பட்டியலில் ஒரு வரிகூட அடிபடவில்லை. உறவுக்காரர் சிரித்த அந்தக் கடைசி வரியும் இருந்தது: குழந்தையைப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் தாயின் நேரமும் செலவுதான் என்று எழுதியிருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மித்ராவுக்கு மெஷின் வந்துவிட்டது. பயிற்சி நடக்கிறது. பயிற்சி இல்லாத நாட்களில் ஊர்ப் பால் சங்கத்தில் பால் சோதிக்கும் கருவிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமை கோயில் மணி அடித்ததும் அவள் சட்டென்று திரும்பினாள். முகத்தைச் சுளித்தாள். "சத்தம்" என்றாள். என் மகள் அம்மன் சந்நிதியில் பேசிய முதல் வார்த்தை ஒரு புகார். எனக்கு அது போதும்.

சகோதரிகளே, அழுதால்தான் அம்மன் கேட்பாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு வர வேண்டியதை ஒன்று விடாமல் எழுதுங்கள். வெட்கப்படாதீர்கள். கோபம் இருந்தால் அந்தக் கோபத்தோடேயே அவள் முன்னால் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன். அவள் முகம் திருப்பவில்லை.