ஐந்நூற்று ஐம்பத்தைந்தா, பதினைந்தா?

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சம்பா நடவு சமயம். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தைராய்டு நோயாளிகளுக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு.

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா தன் தம்பியுடன் வந்திருந்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்ததில் அவருக்கு ஓயாத படபடப்பு. இனியும் தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெயர் சரி, வெறும் வயிறு, கர்ப்பம் இல்லை, கையெழுத்து ஆயிற்று. மாத்திரை இருந்த ஈயக் குடுவையை நான் எடுத்து வைத்தபோது அவர் அதன் லேபிளைப் பார்த்துவிட்டார்.

"டாக்டர் பதினஞ்சுன்னாரு. இதுல ஐநூத்தி அம்பத்தஞ்சுன்னு போட்ருக்கே?"

"ரெண்டும் ஒண்ணுதாங்கக்கா. டாக்டர் சொன்னது மில்லிகியூரி, இது மெகாபெக்கரல். ஒரு மில்லிகியூரிக்கு முப்பத்தேழு மெகாபெக்கரல். நீங்க நிலத்த மாக் கணக்குல சொல்றீங்க, பட்டாவுல எக்டேர்னு போடுறாங்கல்ல, அதுமாதிரி."

நல்ல உதாரணம் என்றுதான் நினைத்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அப்படிச் சொல்லித்தாம்மா எங்கப்பாவ ஏமாத்துனாங்க. எத்தனையோ வருசம் சாகுபடி பண்ணவருக்கு ஒரு மா தர்றதா பண்ணையில பேச்சு. சங்கிலி போட்டு அளக்கறப்ப அவர கிட்டயே விடல. எக்டேரு, ஏர்ஸுன்னு ஏதோ எழுதி, கணக்குதான்யா வேற, நெலம் அதேதான்னாங்க. ஒரு மாவுக்கு விட்ட நாத்து, நட்டு முடிச்சும் கட்டுக் கட்டா மிஞ்சிக் கெடந்துச்சு."

"அக்கா பொடவக் கடையிலயே மொழம் போட்டுப் பாத்துதாங்க வாங்கும்" என்று தம்பி சிரித்தார்.

"நீ சும்மா இருடா. முழுங்கப் போறது நானு."

அந்த மாத்திரை அவருக்கென்றே வெளியூரிலிருந்து வரவழைத்தது. நாளாக ஆக வீரியம் குறைந்துகொண்டே போகும். இன்று போய்விட்டால் அவர் திரும்பி வருவாரா என்பதே சந்தேகம். வற்புறுத்தவும் மனம் வரவில்லை.

அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனேன். மாத்திரையை இடுக்கியால் எடுத்து, கதிரியக்கத்தை அளக்கும் கருவியின் குழிக்குள் இறக்கினேன். திரையில் 555. அலகை மாற்றும் பொத்தானைக் காட்டி, "நீங்களே அழுத்துங்கக்கா" என்றேன்.

அழுத்தினார். 15. மறுபடி அழுத்தினார். 555. குழிக்குள் எட்டிப் பார்த்தார். மாத்திரை அசையவில்லை.

"முப்பத்தேழால பெருக்கிப் பாருடா" என்றார். தம்பி செல்போனில் பெருக்கிவிட்டுத் தலையாட்டினார்.

"அன்னிக்கு அந்தச் சங்கிலியோட ஒரு முனைய எங்கப்பா கையில குடுத்திருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. "தண்ணி குடும்மா" என்று கையை நீட்டினார்.

அறுவடை முடிந்து பரிசோதனைக்கு வந்தபோது அவருடைய படபடப்பு அடங்கியிருந்தது. நான் இப்போது யாருக்கும் உதாரணம் சொல்வதில்லை. பொத்தானைக் காட்டிவிட்டுத் தள்ளி நிற்கிறேன், ஏனென்றால் என் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும், சங்கிலியின் ஒரு முனை அவர்கள் கையில் இருந்தால்தான் அது அவர்களுக்கும் சரி.