வைரஸ் ஊற்றாத தட்டு

கோமளா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சுவரொட்டி. திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். எதிர்ச்சுவரில் அவர் முகம். கீழே, ‘மாதுளைத் தோலில் மருந்து கண்ட மாமேதைக்குக் கண்ணீர் அஞ்சலி.’ அம்பத்தூர் ஆய்வகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு, அதைப் பார்த்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியும். கிழித்திருப்பார்.

எண்பதுகளில் நாம் தேடியது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் குடல் வைரஸை அடக்கும் தாவரச் சாறு. வேம்பும் கொய்யா இலையும் ஒன்றும் செய்யவில்லை. மாதுளைத் தோல் சாறு ஊற்றிய தட்டில் மட்டும் வைரஸ் வளரவே இல்லை. மேலாளர் உடனே நிருபரை வரவழைத்தார். கோமளாவின் படம் நாளிதழில் வந்தது.

படம் வந்த பிறகு அவருக்குச் சந்தேகம் வந்தது. வைரஸே ஊற்றாத தட்டில் சாற்றை மட்டும் ஊற்றிப் பார்த்தார். வைரஸ் வளர்வதற்காகத் தட்டில் வளர்த்திருந்த செல்கள் செத்து மிதந்தன. உயிருள்ள செல்லில்தான் வைரஸ் பெருகும். அதற்கு இடமே இல்லாமல் போயிருந்தது. சாற்றில் நீர் கலந்து ஊற்றினால் செல்கள் பிழைத்தன, வைரஸும் பிழைத்தது.

“ஊட்டையே கொளுத்திட்டு, திருடன் இல்லன்னு சொல்லிகினு கீறோம் சார்.”

“இத யாரும்மா உன்னச் செய்யச் சொன்னா?” என்றார் மேலாளர்.

“யாரும் சொல்லாததாலதான் சார் இத்தினி நாள் செய்யல.”

மறுப்பு வெளியாகவில்லை. கோமளாவைப் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்தக் கோடையில் அவர் தம்பி தனசேகரின் கைக்குழந்தைக்குப் பேதி. தம்பி ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டார்.

“பேப்பர்லயே போட்டுக்கிறான்க்கா! ஊருக்கெல்லாம் மருந்து, நம்ம கொயந்தைக்கு இல்லியா?”

“அது மருந்தில்லடா. கொயந்த கொடலு தாங்காது. உப்பு சக்கரத் தண்ணி குடுத்துகினே ஆஸ்பத்திரிக்கு ஓடு, நானும் வரேன்.”

இருவரும் ஓடினார்கள். குழந்தை பிழைக்கவில்லை. சாவு வீட்டில் எல்லோர் முன்பும் தம்பி கத்தினார்: “ஒரு மூடி குடுத்திருந்தா பொயச்சிருப்பான்!” பிறகு கோமளா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “கொயந்தையையும் வெச்சு சோதிச்சுப் பாக்க முடியாதே. அவன் நம்பிகினே இருப்பான்.”

நம்பிக்கொண்டுதான் இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் அக்காவோடு பேசவில்லை. சுவரொட்டி அடித்தது அவர்தான். துக்கம் விசாரிக்கப் போனபோது, அந்த வரி தவறு என்று மெதுவாகச் சொன்னேன்.

“இன்னாம்மா தப்பு? எங்கக்கா கண்டுபுடிச்ச மருந்து. பேப்பர்ல வந்துச்சே.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்குத்தான் குடுக்கல.”

சாறு இல்லாமல் அந்தக் குழந்தை இறந்தது. சாறு குடித்தும் இறந்திருக்கும் என்று காட்ட இன்னொரு குழந்தை இல்லை. கோமளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி: வைரஸ் ஊற்றாத தட்டு எங்கே? எந்த நல்ல செய்தி வந்தாலும் அதைக் கேட்கிறேன். தனசேகரிடம் மட்டும் கேட்க முடியவில்லை.