கல்யாண எழுத்தில் ஒரு பெயர்

இன்று வவுனியாவில் நான் அச்சுக்கோர்க்கும் அச்சகத்துக்கு ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் வந்தார். மூன்று மாதத்துக்கு முன் மகளின் கல்யாண அழைப்பிதழை எங்களிடம் அடிப்பித்தவர்.

“பிள்ளை காய்ச்சலிலை போயிட்டாள், தம்பி. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேணும்.”

இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுக்கு நாங்கள் தடித்த கறுப்பு எழுத்துத்தான் போடுவோம். அவர் சம்மதிக்கவில்லை.

“கல்யாணத்துக்குப் போட்ட அந்த இங்கிலீசு எழுத்திலையே அட்டையிலை பேரைப் போடுங்கோ. அவளுக்கு அது நல்ல விருப்பம்.”

நிமிர்ந்த தண்டுக்கோடு தடித்து, மற்றக் கோடெல்லாம் மயிரிழையாய் ஓடும் எழுத்து அது. அழைப்பிதழ் அடித்து முடிந்ததுமே அந்த ஈய எழுத்துக்களைப் பிரித்துப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். சோம்பலில், கோர்த்த பெயரை நூலால் கட்டியபடியே விட்டிருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

ஈயத்தில் இருந்த பெயரைத் தடவினார்.

“கலைக்காமல் வைச்சிருந்தியளே, நன்றி தம்பி.”

என் சோம்பலுக்கு நன்றி. நீங்களே சொல்லுங்கள், அதை எந்த முகத்தோடு வாங்குவது?