எழுத்தில் தாங்கோ

கனடாவின் மல்வேர்னில் யோகராணி குடியிருக்கும் கட்டடத்தில் அவருக்குப் ‘பாங்க் அன்ரி’ என்று பேர். வங்கியில் வேலை செய்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பாண் சுடும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகப் பெட்டி அடுக்குகிறார். ஆனால் கணக்குத் திறக்க ஏலாது என்று எந்த வங்கியாவது யாரையாவது திருப்பி அனுப்பினால், அந்த ஆள் அடுத்துத் தட்டுவது இவருடைய கதவைத்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை தட்டியது மஸீஹா. ஆறு மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து வந்து அகதிக் கோரிக்கை போட்டவள். யோகராணியின் தொழிற்சாலையிலேயே அவளுக்கும் வேலை சரிவந்திருக்கிறது. புதன்கிழமைக்குள் கணக்கு இலக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சம்பளம் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் நிலாமின் கணக்குக்குப் போகும்.

“பாங்கில என்ன சொன்னவை?”

“வேலைக் கடிதம் வேணுமாம், இன்னொரு ஐடியும் வேணுமாம். நான் சொறி சொல்லிட்டு வந்துட்டன்.”

“நீர் ஏன் பிள்ளை சொறி சொன்னனீர்? அவையெல்லோ சொல்லோணும்.”

கோபம் அவள் மேல் இல்லை. அந்தச் சொறியை ஒருகாலத்தில் யோகராணியும் சொன்னவர்தான். வந்த புதிதில், வேலை இல்லாதவருக்குக் கணக்கு இல்லை என்று ஒரு வங்கி சொல்ல, கரைச்சல் தந்ததற்கு மன்னிப்பும் கேட்டு, தாங்ஸும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். எங்கள் சனத்திடம் இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறதே, சொந்தக்காரர் கணக்கு! வேலை கிடைத்ததும் யோகராணி உழைத்த காசு இரண்டு வருடம் கணவரின் தமையன் தில்லையம்பலத்தின் கணக்கில் விழுந்தது. பொய் சொல்லக்கூடாது, மனிசன் ஒரு சதம் களவெடுக்கவில்லை. ஆனால் மகளுக்குப் பனிச் சப்பாத்து வாங்கக் காசு கேட்டாலும், “என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். தான் உழைத்த காசுக்குத் தானே காரணம் சொல்லிச் சொல்லி யோகராணிக்குச் சீ என்று போய்விட்டது.

அந்த நேரம்தான் நூலகத்து ஆங்கில வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். வேலை இல்லாவிட்டாலும், போடக் காசு இல்லாவிட்டாலும், சரியான அடையாளம் காட்டினால் வங்கி கணக்குத் திறந்து கொடுக்க வேண்டும். மறுத்தால், மறுத்ததை எழுத்தில் தர வேண்டும். கனடாச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். அடுத்த நாள் வங்கிக்குப் போனவர் கணக்கைத் திறந்துகொண்டுதான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து கொடுத்திருக்கிறார். மஸீஹா பன்னிரண்டாவது. அன்றைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு தன்னுடைய வங்கிக்குப் போனார்.

கவுண்டரில் இருந்தவன் எங்கள் தமிழ்ப் பெடியன், கீதன். மஸீஹாவின் வேலை அனுமதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அன்ரி, இது ஒண்டு மட்டும் காணாது. ஜொப் லெட்டரும் இல்லை. ஆரும் சொந்தக்காரரின்ர அக்கவுண்டில போடலாந்தானே? எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறவை.”

உதவி என்று நினைத்துத்தான் சொன்னான், பாவம். யோகராணிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, ஏலாதெண்டா ஏலாதெண்டு எழுத்தில தாங்கோ. நாங்கள் இருந்து வாங்கிக்கொண்டு போறம்.”

கீதன் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மஸீஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “போவம் அன்ரி, சண்டை வேணாம்,” என்றாள்.

“இது சண்டையில்லை, சட்டம். பேசாமல் இரும்.”

மனேஜர் பெண்ணே எழுந்து வந்தாள். முதல் வேலையாக மஸீஹாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னதைக் கீதன் தமிழில் சொன்னான். வேலைக் கடிதம் தேவையில்லை. பத்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்பதால், வங்கிக்குத் தெரிந்த வாடிக்கையாளர் யாராவது மஸீஹா இன்னார்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும்.

“அப்பிடி ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டான்.

“ஏன், நான் இருக்கிறன்,” என்று யோகராணி தன் வங்கி அட்டையை மேசையில் வைத்தார்.

மனேஜர் கணினியில் பார்த்தாள். பன்னிரண்டு வருட வாடிக்கையாளர், ஒரு பிழை பிசகு இல்லை. படிவத்தை யோகராணியின் பக்கம் மரியாதையாகத் திருப்பி வைத்தாள். யோகராணி முதுகை நிமிர்த்திக்கொண்டு, முழுப் பேரையும் ஆறுதலாக எழுதிக் கையெழுத்து வைத்தார். பெட்டி அடுக்குகிற மனிசியின் சொல்லை நம்பி ஒரு வங்கி கணக்குத் திறக்கிறது. பெருமைப்படாமல் வேறென்ன செய்வார்?

அரைமணித்தியாலத்தில் அட்டை வந்தது. மஸீஹா அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ட பேர்ல மட்டுந்தானா அன்ரி?”

“ஓம். உம்மட பேரில மட்டும்.”

கீதன் சின்ன இயந்திரம் ஒன்றை நீட்டி, இரகசிய இலக்கம் நாலை அழுத்தச் சொன்னான். மஸீஹா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இடது கையால் இயந்திரத்தைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற யோகராணிக்கும் தெரியாதபடி முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

யோகராணி வலு சந்தோஷமாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.